பட்டங்களை எண்ணினால் போதுமா?
ரோமா மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கான உதவித்தொகையை மதிப்பிடுவது பற்றி

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ப்ரெஷோவ் நகர மருத்துவமனையில் ஒரு ரோமா இளம்பெண் இரண்டாவது பிரசவத்துக்காகச் சேர்ந்தார். வலி உச்சத்தில் இருந்தபோது, இன்னொரு முறை கருவுற்றால் தாயோ பிள்ளையோ பிழைப்பது கடினம் என்று சொல்லி அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நோயாளியே கருத்தடை கேட்கிறார் என்று அதில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. சிசேரியன் முடிந்த கையோடு அவருடைய கருக்குழாய்களும் மூடப்பட்டன. தாளில் இருந்த ‘கருத்தடை’ என்ற சொல்லின் பொருளே தனக்கு அப்போது தெரியாது என்று அவர் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார். மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் ரோமா வம்சாவளி என்ற குறிப்பு இருந்தது. 2011 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், மனிதத்தன்மையற்ற முறையில் அவர் நடத்தப்பட்டார் என்று தீர்ப்பளித்து, 31,000 யூரோ இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ‘வி.சி. எதிர் ஸ்லோவாக்கியா’ என்று அந்த வழக்குக்குப் பெயர்.

ரோமா மாணவர்கள் மருத்துவமும் செவிலியமும் படிக்க உதவித்தொகை தரும் திட்டங்களைப் பற்றிப் பேச இந்த வழக்குதான் சரியான தொடக்கம் என்று நினைக்கிறேன். அந்தப் பிரசவ அறையில், அவருடைய மொழியில் ஒரு வாக்கியம் பேசக்கூடிய ஒரு செவிலியர் பணியில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக இத்திட்டங்களுக்குச் செலவான பணமெல்லாம் இந்தக் கேள்வியை நம்பித்தான் போடப்பட்டது. ஆகவே திட்டத்தை மதிப்பிட வருகிறவரும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. எத்தனை பேருக்குத் தொகை போனது, எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்ற இரண்டு எண்களோடு அறிக்கை முடிந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் 1 கோடி முதல் 1.2 கோடி வரை ரோமா மக்கள் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் சுமார் 60 லட்சம் பேர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கிறார்கள். முன்னோர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து புறப்பட்டுப் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவை அடைந்தவர்கள். இன்றைய ருமேனியாவின் நிலப்பகுதியில் அவர்கள் 1850களின் நடுப்பகுதி வரை அடிமைகளாக இருந்தார்கள். 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 10 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பின்படி, ரோமாக்களில் 80 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே விழும் நிலையில் இருந்தார்கள். மற்றவர்களைவிட ரோமா ஆண்கள் 9 ஆண்டும் பெண்கள் 11 ஆண்டும் குறைவாக வாழ்ந்தார்கள். ஒரு கண்டத்தின் நடுவில், அதே ஊர்களில், அதே மருத்துவமனைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு 11 ஆண்டுகளை இழப்பது.

ரோமாக்களுக்கும் மருத்துவத் துறைக்கும் இடையிலான அவநம்பிக்கையை இந்த எண்கள் முழுதாகச் சொல்லிவிடாது. நாஜி ஜெர்மனியில் ரோமா மக்களையும் அவர்களின் ஒரு கிளையினரான சிந்தி மக்களையும் அளந்து, வகைப்படுத்தி, கொலை முகாம்களுக்கு வழிவகுத்த பட்டியல்களைத் தயாரித்த ஆய்வகத்தின் தலைவர் ராபர்ட் ரிட்டர் ஒரு மருத்துவர். அவருடைய முதன்மை உதவியாளர் எவா யூஸ்டின் செவிலியப் பயிற்சி பெற்றவர். முல்ஃபிங்கன் என்ற ஊரில் இருந்த கத்தோலிக்கக் குழந்தைகள் இல்லத்தின் சிந்திப் பிள்ளைகளை வைத்து அவர் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஆய்வு முடியும்வரை அங்கே விட்டுவைக்கப்பட்டிருந்த 39 பிள்ளைகள் 1944 மே மாதம் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். பிழைத்தவர்கள் 4 பேர். போருக்குப் பிறகும் கருத்தடைக் கத்தி ஓயவில்லை. செக் குடியரசின் மக்கள் குறைகேள் அதிகாரி 2005இல் வெளியிட்ட அறிக்கை அந்நாட்டில் நடந்ததை ஆவணப்படுத்தியது. 1966 முதல் 2012 வரை சட்டவிரோதமாகக் கருத்தடை செய்யப்பட்டவர்களுக்குத் தலா 3 லட்சம் கொருனா வழங்கும் சட்டம் 2021இல்தான் நிறைவேறியது. வெள்ளை அங்கியைக் கண்டால் ஒரு ரோமாக் கிழவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றால் அதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

இந்தப் பின்னணியில்தான் ‘ரோமா சுகாதார உதவித்தொகைத் திட்டம்’ வந்தது. ஓப்பன் சொசைட்டி அறக்கட்டளையின் ரோமா சுகாதாரப் பிரிவு பணம் தந்தது. 2005இல் நிறுவப்பட்ட ரோமா கல்வி நிதியம் நிர்வாகத்தை ஏற்றது. 2008 வாக்கில் ருமேனியாவில் தொடங்கி, பிறகு பல்கேரியா, மாசிடோனியா (இன்றைய வடக்கு மாசிடோனியா), செர்பியா என்று விரிந்தது. பணத்தோடு நிற்காமல் நான்கு கால்களில் நின்றது என்பது அதன் சிறப்பு. படிப்புச் செலவுக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை. துறையில் முன்னே சென்ற ஒருவரின் வழிகாட்டல். உரிமைகளுக்காக வாதாடும் பயிற்சி முகாம். ரோமா மருத்துவ மாணவர்களைப் பொதுமக்கள் கண்ணில் காட்டும் ஊடகப் பிரச்சாரம். ஏழை மாணவனுக்குக் கட்டணம் கட்டும் சாதாரண உதவித்தொகையிலிருந்து இது எங்கே விலகுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படித்து முடிப்பதோடு, ‘நான் ரோமா’ என்று வெளியில் சொல்லும் துணிவையும் இது மாணவரிடம் எதிர்பார்த்தது.

இதற்கு முன்பே ருமேனியாவில் தனி இடங்கள் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் புக்கரெஸ்ட் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறையில் சில இடங்களாகத் தொடங்கிய ஒதுக்கீடு, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் நாடு தழுவிய கொள்கையானது. மருத்துவப் பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்தன. ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பிப்பவர் தான் ரோமா என்று ஒரு ரோமா அமைப்பிடம் சான்று வாங்க வேண்டும். ஆகவே ருமேனியாவில் ஒரு ரோமா மருத்துவ மாணவியை உருவாக்கியது ஒதுக்கீடா, உதவித்தொகையா, இரண்டும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. பல்கேரியாவில் அப்படி ஒதுக்கீடு இல்லை. அங்கே உயிரியலிலும் வேதியியலிலும் நுழைவுத் தேர்வு எழுதித்தான் மருத்துவத்துக்குள் போக வேண்டும். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தேர்வே மதில். உதவித்தொகையோ மதிலைத் தாண்டியவருக்குத்தான் கிடைக்கும்.

மதிப்பீட்டின் முதல் முடிச்சு இங்கேதான் விழுகிறது. உதவித்தொகை பெற்ற 100 பேரில் 80 பேர் படிப்பை முடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது எடுத்துக்காட்டுக்கான எண். அந்த 80 பேரில், தொகை கிடைக்காவிட்டாலும் முடித்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? மருத்துவக் கல்லூரிக்குள் கால் வைத்த ரோமா மாணவர் ஏற்கெனவே எல்லாச் சல்லடைகளிலும் தேறியவர். சேர்ந்த பிறகு தருகிற பணத்துக்கு அந்தத் தேர்ச்சியின் பெருமை முழுவதையும் கொடுத்துவிட முடியாது. ரோமா மாணவர்களுக்கான சிறப்பு ஏற்பாடுகள் விளிம்பில் இருப்பவர்களுக்கு உதவுகின்றனவா, மேலே வந்துவிட்டவர்களைத்தான் தாங்குகின்றனவா என்ற கேள்வியை ஆய்வாளர் ஸ்டெலா கராஸ் 2014இல் ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே வைத்தார். கசப்பான கேள்வி, ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, ‘அப்படியானால் உதவித்தொகை வீண்’ என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கல்லூரியில் சேர்வது வேறு, ஆறு ஆண்டு நிலைப்பது வேறு. மருத்துவ மாணவன் மாலையில் வேலைக்குப் போக முடியாது. வார்டும் உடற்கூற்றியல் வகுப்பும் நாளை விழுங்கிவிடும். முதல் தேர்வில் ஒரு பாடம் தவறினால், மறு தேர்வுக்கும் இன்னோர் ஆண்டு அறை வாடகைக்கும் பணம் வேண்டும். வசதியான வீட்டில் அது ஒரு மனவருத்தம். ரோமாக் குடியிருப்பிலிருந்து வந்தவருக்கு அதுவே படிப்பின் முடிவு. ஆகவே தொகையின் பயனைப் பட்டம் பெற்ற ஆண்டில் தேடுவதைவிட, முதலிரண்டு ஆண்டுகளில், தோல்விக்குப் பிறகு திரும்பி வந்தவர்களிடம் தேட வேண்டும். தேர்வில் தவறிய மாணவருக்குத் தொகையை நிறுத்துவதா தொடர்வதா என்ற ஒரு விதி, மற்றெல்லா விதிகளையும்விடப் பல வாழ்க்கைகளைத் தீர்மானிக்கும். மதிப்பெண்ணைப் பார்த்து மட்டும் புதுப்பிக்கும் திட்டம் அறிக்கையில் அழகாகத் தெரியும். யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களைத்தான் அது முதலில் உதிர்க்கும்.

முறையாக ஒப்பிட வேண்டுமானால் தொகை கிடைத்தவர்களோடு கிடைக்காதவர்களையும் பின்தொடர வேண்டும். குலுக்கல் போட்டுக் கொடுப்பது இவ்வளவு சிறிய கூட்டத்தில் நியாயமும் அல்ல, பயன் தரும் அளவுக்கு எண்ணிக்கையும் இல்லை. தெரிவு மதிப்பெண்ணில் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களையும் சற்றுக் கீழே நின்றுபோனவர்களையும் ஒப்பிடுவது நடக்கக்கூடிய வழி. ஆனால் அதற்கு, மறுக்கப்பட்டவர்களின் விவரத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், அவர்கள் சம்மதமும் வேண்டும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன அடையாளத்தைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. பட்டியல்களால் சாவுக்குப் போன ஒரு மக்களின் விஷயத்தில் அந்த எச்சரிக்கை தேவைதான். அதனால் மதிப்பீட்டாளர் கையில் முழுமையான பட்டியல் ஒருநாளும் இருக்காது. அதை ஏற்றுக்கொண்டு வேலை செய்யப் பழக வேண்டும்.

அடையாளத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கையில் ரோமா என்று எழுதிக் கொடுக்கும் அதே மாணவி, வகுப்புத் தோழிகளிடம் அதைச் சொல்லாமலே ஆறு ஆண்டைக் கழிக்க முடியும். நிறம் சற்று வெளுத்திருந்தால், பெயர் காட்டிக்கொடுக்காவிட்டால், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்குள் தோழிகளும் பேராசிரியர்களும் அவள் முன்னாலேயே ரோமா நோயாளிகளைப் பற்றி எதையும் பேசுவார்கள். ஊடகப் பிரச்சாரமும் வாதாடும் பயிற்சியும் இந்த மௌனத்தை உடைக்கத்தான் வடிவமைக்கப்பட்டன. நல்ல நோக்கம். ஆனால் உடைப்பதன் விலையைக் கட்டுபவர் மாணவர், அறக்கட்டளை அல்ல. எத்தனை பேர் வெளிப்படையாகத் தம்மை ரோமா என்று சொல்லிக்கொண்டார்கள் என்று எண்ணி அதையே வெற்றியாகக் காட்டும் மதிப்பீடு எனக்கு உவப்பில்லை. சொன்ன பிறகு என்ன நடந்தது? வழிகாட்டி துணை நின்றாரா? வார்டில் வேலை ஒதுக்கீடு மாறியதா? சொல்லாதவர்களுக்கும் தொகை தொடர்ந்ததா? இந்தக் கேள்விகளுக்கு நேர்காணல்கள்தான் விடை தரும். அந்த நேர்காணலைத் தொகை தருகிற அமைப்பின் ஆளே எடுத்தால் விடை கிடைக்காது.

இத்திட்டங்களின் அடித்தளத்தில் ஒரு கருதுகோள் இருக்கிறது. தம் சமூகத்து மருத்துவரிடம் மக்கள் கூடுதலாக நம்பிக்கை வைப்பார்கள், அதனால் உடல்நலம் மேம்படும் என்பது அது. இதற்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் சுமார் 1,300 கறுப்பின ஆண்களைக் கறுப்பின மருத்துவர்களிடமும் மற்றவர்களிடமும் குலுக்கல் முறையில் அனுப்பிய ஆய்வு 2019இல் வெளியானது. மார்செல்லா அல்சானும் உடன் ஆய்வாளர்களும் செய்தது. கறுப்பின மருத்துவரைப் பார்த்தவர்கள் ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி போன்றவற்றை ஏற்பது தெளிவாகக் கூடியது. இதய நோய்ச் சாவில் கறுப்பின ஆண்களுக்கும் வெள்ளையின ஆண்களுக்கும் உள்ள இடைவெளியில் 19 சதவீதத்தை இது குறைக்கக்கூடும் என்று அவர்கள் கணித்தார்கள். அப்படியே இதைப் பால்கன் நாடுகளுக்குப் பெயர்த்து வைக்க முடியாது. ரோமாக்களுக்குள் பல குழுக்கள், பல பேச்சு வழக்குகள், துருக்கி மொழி பேசுபவர்கள், ரோமானி மொழியே தெரியாதவர்கள் என்று வேறுபாடுகள் நிறைய. சோஃபியாவில் வளர்ந்த ஒரு ரோமா மருத்துவர், மலையோரக் குடியிருப்பில் அயலாராகவே தெரியலாம். ஆனாலும் நேருக்கு நேர் நடக்கும் பேச்சில் நம்பிக்கை பிறக்கிறது என்ற மையக் கருத்து இங்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறேன். ருமேனியாவில் 1990களில் ரோமானி கிரிஸ் என்ற ரோமா அமைப்பு முன்னெடுத்து 2002இல் அரசு ஏற்றுக்கொண்ட சுகாதாரத் தொடர்பாளர் முறையும் அதைத்தான் நம்புகிறது. சமூகத்துப் பெண் ஒருவர் குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் நடுவே நின்று பேசுகிறார். பல்கேரியாவும் செர்பியாவும் மாசிடோனியாவும் அதைப் பின்பற்றின. ஆனால் தொடர்பாளரால் பேச மட்டும்தான் முடியும். ஊசி போடவும் நோயாளியின் கோப்பில் எழுதவும் அவருக்கு உரிமையில்லை.

செவிலியருக்கு அந்த உரிமை உண்டு. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். மருத்துவர்தான் செய்தியாகிறார். பிரசுரங்களின் அட்டையில் ஸ்டெதஸ்கோப் போட்ட இளைஞர் சிரிக்கிறார். ஆனால் நோயாளியோடு மணிக்கணக்கில் இருப்பவர் செவிலியர். எந்த அறையில் எந்தப் பெண்ணைப் படுக்க வைப்பது, கையெழுத்து வாங்கும் முன் தாளில் உள்ளதை விளக்குவதா, வலியில் துடிப்பவருக்கு முதலில் யாரை அழைப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. ப்ரெஷோவில் ரோமாப் பெண்களைத் தனி அறைகளில் போடும் வழக்கம் இருந்ததாக வழக்குத் தொடுத்த வி.சி. சொன்னார். அப்படிப்பட்ட வழக்கம் வார்டின் அன்றாடத்தில் வாழ்கிறது. அதைக் கலைக்கக்கூடியவரும் அன்றாடம் அங்கே நிற்பவர்தான்.

செலவுக் கணக்கும் அதே பக்கம் சாய்கிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொதுச் செவிலியப் பயிற்சிக்கு 3 ஆண்டுகள், 4,600 மணி நேரம். மருத்துவப் பட்டத்துக்கு 5,500 மணி நேரம், நடைமுறையில் 6 ஆண்டுகள், அதன் மேல் சிறப்புப் பயிற்சி. செர்பியாவிலும் வடக்கு மாசிடோனியாவிலும் மேல்நிலைப் பள்ளி மட்டத்திலேயே மருத்துவப் பள்ளிகள் செவிலியரை உருவாக்குகின்றன. ருமேனியாவில் பள்ளிக்குப் பிந்தைய சுகாதாரப் பள்ளிகள் மூன்றாண்டில் உருவாக்குகின்றன. பல்கலைக்கழகம் எட்டாத உயரத்தில் தெரியும் வீட்டிலிருந்து ஒரு பெண்ணால் இந்தப் பள்ளிக்கு வர முடியும். ஆகவே விளிம்பில் இருப்பவரை எட்டுகிறதா என்ற கேள்விக்குச் செவிலிய உதவித்தொகை நல்ல விடை தருகிறது என்பது என் மதிப்பீடு. இதைச் சொல்வதில் ஓர் ஆபத்து இருப்பதையும் அறிவேன். ரோமாப் பிள்ளைகளுக்குச் செவிலியமே போதும், மருத்துவம் மற்றவர்களுக்கு என்று யாராவது இதைத் திருப்பிவிடலாம். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ஸ்லோவாக்கியாவின் க்ளெனோவெட்ஸில் பிறந்த யான் சிபுலா மருத்துவராகி, 1968க்குப் பிறகு சுவிட்சர்லாந்தின் பெர்னில் தொழில் செய்து, 1978இல் ஜெனீவாவில் கூடிய உலக ரோமா மாநாட்டில் சர்வதேச ரோமானி ஒன்றியத்தின் தலைவரானார். ஒரு மருத்துவர் தன் மக்களின் குரலாகவும் ஆக முடியும். மருத்துவரும் வேண்டும், செவிலியரும் வேண்டும். ஆனால் ஒரே அட்டவணையில் இருவரையும் ‘பட்டதாரி’ என்ற ஒற்றைக் கட்டத்தில் போட்டுக் கூட்டுவது இருவர் செய்யும் வேலையையும் மறைக்கிறது.

பட்டம் வாங்கியவர் போவது எங்கே? 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு ஆயிரக்கணக்கான மருத்துவர்களும் செவிலியர்களும் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் போனார்கள். பட்டங்கள் தாமாகவே ஏற்கப்படும் விதி அதற்கு வழி திறந்தது. 2018இல் ருமேனியா அரசு மருத்துவர்களின் சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தியதற்கும் இதுவே காரணம். ரோமா மருத்துவர் மட்டும் போகக் கூடாது என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? தென்னாப்பிரிக்காவின் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தில் மோஸ்வோல்ட் மருத்துவமனையின் ஆண்ட்ரூ ராஸ் 1999இல் தொடங்கிய திட்டத்தில், மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் விடுமுறையில் தம் ஊர் மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். படித்து முடித்தபின் தொகை பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அங்கேயே பணி செய்ய வேண்டும். நாட்டுப்புறத்துக்கு மருத்துவர் கிடைக்க அது நல்ல வழி. ரோமாக்கள் விஷயத்தில் கட்டாயப் பணியை நான் ஆதரிக்க மாட்டேன். ரோமா மருத்துவர் ரோமாக் குடியிருப்புக்குத்தான் என்று ஒப்பந்தம் போட்டால், தனி வார்டு என்ற பழைய நோயைத் தனி மருத்துவர் என்ற புதுப் பெயரில் வளர்த்துவிடுவோம். தலைநகரின் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு ரோமா இருப்பது, அங்கே படிக்கும் மற்ற மாணவர்களின் பேச்சையும் மாற்றும். விடுமுறைப் பணி என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஊர் மருத்துவமனையோடு உறவு அறுந்துபோகாமல் இருக்க அது உதவும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே காலக்கணக்கு. அறக்கட்டளைகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முடிவு கேட்கின்றன. 2008இல் முதலாண்டு சேர்ந்த மருத்துவ மாணவர் 2014இல்தான் பட்டம் பெற்றார். சிறப்பு மருத்துவராக வெளியே வர 2018, 2019 ஆகிவிட்டது. அதற்குள் மதிப்பீட்டு அறிக்கையில் எழுதக்கூடியதெல்லாம் மாணவரின் மனநிறைவும் தேர்வு மதிப்பெண்ணும்தான். அந்த வேகத்தில் பார்த்தால் பள்ளியில் நடக்கும் பிழை கண்ணிலேயே படாது. செக் குடியரசின் ஆஸ்ட்ராவா நகரில் ரோமாப் பிள்ளைகள் மனவளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளிக்குத் தள்ளப்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 27 மடங்கு அதிகமாக இருந்ததென்று 18 மாணவர்கள் தொடுத்த வழக்கில் காட்டப்பட்டது. 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2021 கணக்கெடுப்பிலும் ரோமா இளைஞர்களில் 71 சதவீதம் பேர் உரிய காலத்துக்கு முன்பே படிப்பை விட்டிருந்தார்கள். வேதியியலே சொல்லித்தராத பள்ளியில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்கு மருத்துவ உதவித்தொகை எப்போது கிடைக்கும்? திட்டத்தில் விண்ணப்பங்கள் குறைந்தால் ‘ஆர்வமில்லை’ என்று எழுதாமல், அந்த மாவட்டப் பள்ளிகளின் பக்கம் மதிப்பீட்டாளர் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் அணிகளில் படித்தவர்கள் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். சிலர் துறைகளில் பொறுப்பு வகிக்கும் வயதை எட்டிவிட்டார்கள். திட்டம் நடந்துகொண்டிருந்தபோது கேட்க முடியாத கேள்விகளை இப்போது கேட்கலாம்: எந்த வார்டில் வேலை, ரோமா நோயாளிகள் தேடி வருகிறார்களா, பணியிடத்தில் அடையாளம் தெரியுமா, தம்பி தங்கைகளில் யாராவது பின்னால் வந்தார்களா. அதே கேள்விகளோடு, இடையில் விட்டுப்போனவர்களிடமும் போக வேண்டும். கோப்பில் அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு தேதி மட்டும் இருக்கும். எந்தத் தேர்வில் நின்றார்கள், எந்த மாதம் பணம் தாமதமானது, வீட்டில் யார் படுத்தார்கள், வகுப்பில் யார் என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் தேடிப் பிடிக்கும் பயணச் செலவை மதிப்பீட்டு நிதியில் முதல் வரியாக எழுத வேண்டும்.